தூணில் பூசிய பாம்பு

அண்ணாச்சி,

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு டப்பா பாம்பு மாத்திரை மிச்சம் இருந்திருக்கிறது. இன்று காலையில் ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி என் வீட்டு வாசல்படியில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு மாத்திரை. தீக்குச்சியைக் காட்டியதும் புஸுபுஸுவென்று உப்பி, நெளிந்து, முழ நீளத்துக்குச் சாம்பல் பாம்பாகப் படியில் படுத்துக்கொண்டது. அந்தப் புகை மூக்கில் ஏறியதோ இல்லையோ, உங்கள் முகம் வந்து நின்றது. வேண்டாத விருந்தாளி சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து நிற்பாரே, அப்படி. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் படியைக் கழுவினேன். நாற்றம் போகவில்லை.

நேற்றுதான் உங்கள் மகன் வந்துவிட்டுப் போனார். முதலாண்டு நினைவு நாளுக்கு மலர் போடுகிறாராம். ஆர்ட் பேப்பர், நாலு கலர், உங்கள் கம்பெனியிலேயே அச்சு. "நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்கக்கா. நம்ம பில்டிங்குக்குத் தீ தாங்குற பெயின்ட் அடிச்சுக் குடுத்தவுக நீங்கதான. அப்பாவுக்கு எம்புட்டுப் பாதுகாப்பு உணர்வு இருந்துச்சுன்னு நீங்க எழுதுனாத்தான் பொருத்தமா இருக்கும்" என்றார்.

பாதுகாப்பு உணர்வு! செத்துப்போன எருமை கலம் பால் கறக்கும் என்பார்கள். நீங்கள் போய் ஒரு வருஷத்தில் லாரி லாரியாகக் கறந்துகொண்டிருக்கிறீர்கள்.

"ஆகட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உங்களைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டுமென்றால் பொய் வேண்டும். உங்களுக்கே எழுதினால் அந்தச் சிரமம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சென்னையில் ஒன்பது வருஷம் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, நான்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு விருதுநகருக்குத் திரும்பி வந்த புதிது. இரும்புத் தூண், இரும்பு உத்திரம் வைத்துக் கட்டுகிற கட்டடங்களுக்குத் தீ தாங்கும் பூச்சு அடிப்பது என் தொழில் என்று சொன்னால் எல்லாரும் சிரித்தார்கள். தாயில்பட்டிக்காரி, அதுவும் பட்டாசு ஆலைக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண், கான்ட்ராக்ட் எடுக்கிறாளாம் என்று அதற்கும் சேர்த்து இன்னொரு சிரிப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. சிவகாசியில் உங்கள் அச்சாபீஸ் அறையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னீர்கள். எங்கள் தெருவிலிருந்து வந்த யாரும் அந்த அறையில் அதுவரை உட்கார்ந்ததில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு நாற்காலியை வைத்தே என் வாயை ஆறு வருஷம் கட்டிப்போட்டீர்கள். கெட்டிக்காரர்.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தை மேசையில் விரித்தீர்கள். கீழ்த்தளத்தில் பேப்பர் ரீல், அட்டைக் கட்டு, மை டப்பா, தின்னர். பதினான்கு இரும்புத் தூண்கள். அந்தத் தூண்களின் மேல் ஒரு தளம். அங்கே நாற்பது பெண்கள் உட்கார்ந்து காலண்டருக்குத் தாள் கோத்து, அட்டை ஒட்டி, தகரம் அடிக்கப் போகிறார்கள். அதில் ஒருத்தி என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மலரில் அவளைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். பதினாறு வயதிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போனவள். ஒரு தீ விபத்தில் இடது கை முழங்கை வரை வெந்து, விரல் இரண்டு ஒட்டிக்கொண்டது. அதோடு பட்டாசு வேலையை விட்டு, கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று உங்களிடம் காலண்டர் வேலைக்கு வந்தாள். "அங்கன மருந்து கெடையாதுடி. வெறும் பேப்பரு. அது போதும் எனக்கு" என்றாள். மருந்து என்றால் வெடி மருந்து. எங்கள் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டுக் காது நிமிராத வீடு கிடையாது.

"இரும்பு எரியாதேம்மா, அதுக்கு எதுக்கு மேல்பூச்சு?" என்று கேட்டீர்கள்.

"எரியாது அண்ணாச்சி, வளையும். கொல்லன் பட்டறையில பாத்ததில்லையா? கீழ இருக்க பேப்பர் புடிச்சு எரிஞ்சா, அந்தச் சூட்டுல தூணு பாதி பலத்தை விட்டுரும். மேல நாப்பது பொம்பளைக இருக்காக. அவுக எறங்கி ஓட நேரம் வேணுமில்ல? இந்தப் பூச்சு அந்த நேரத்தத்தான் தருது. ரெண்டு மணி நேரம் தாங்குற கனத்துக்குப் பூசலாம்."

"நம்மூருல எந்தத் தீம்மா ரெண்டு மணி நேரம் எரியுது? பட்டுன்னு வரும், பட்டுன்னு போயிரும்."

இதைச் சொல்லிவிட்டு நீங்களே ரசித்துச் சிரித்தீர்கள். மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி, பட்டாசு என்று தீயை வைத்துப் பிழைத்த குடும்பம். உங்களுக்குத் தெரிந்த தீ ஒன்றே ஒன்றுதான், வெடிக்கிற தீ. பேப்பர் கட்டுக்குள் புகுந்துகொண்டு நின்று நிதானமாக எரிகிற தீயை உங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வழக்கமும் உங்களுக்கு இல்லை.

அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். உங்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும் என்று, மறுநாள் கைப்பையில் ஒரு டப்பா பாம்பு மாத்திரையோடு வந்தேன். உங்கள் கண்ணாடி மேசையில் ஒரு தட்டை வைத்து, ஒன்றைக் கொளுத்திக் காட்டினேன். "பாத்தீகளா, சூடு பட்டதும் உப்புதுல்ல? நான் பூசுறதும் சூடு பட்டா இப்படித்தான் உப்பும். உப்பித் தூணைச் சுத்திப் போர்வை மாதிரி நின்னுக்கிரும். சூடு உள்ள போவாது."

உங்களுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. வந்து போகிற ஏஜெண்டுகளுக்கெல்லாம் செய்து காட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? ஒரு நாள் மத்தியானம் பழைய கட்டடத்து வாசலில் பெண்கள் அத்தனை பேரையும் வரச்சொல்லி, "தாயி, இவுகளுக்கும் காட்டு" என்றீர்கள். நானும் குளிர்ந்துபோய்ச் செய்து காட்டினேன். அத்தனை பேர் நடுவில் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, பாம்பு நெளிய நெளிய, "புதுக் கட்டடத்துத் தூணுக்கெல்லாம் இதே மாதிரிதான் ஒண்ணு பூசப்போறோம்" என்று மேடைப் பேச்சு மாதிரிச் சொன்னேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வியந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தாயில்பட்டியில் பிறந்தவளுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியவில்லை பாருங்கள். ஒன்பது வருஷச் சென்னை என் காதை அடைத்திருந்தது.

வேலை முடிந்தது. தூணிலும் உத்திரத்திலும் படிப்படியாகப் பூசி, கனம் அளக்கிற மீட்டரை ஒவ்வொரு தூணிலும் பல இடத்தில் வைத்து அளந்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தேன். அந்தப் பூச்சு வழவழப்பாக இருக்காது, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நீங்கள் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு" என்றீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆலங்குளம் பக்கம் ஒரு குடோன் வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் திறப்பு விழா. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தீர்கள். உள்ளே தூணுக்குத் தூண் வாழைக்குலை கட்டி, சீரியல் விளக்கு சுற்றியிருந்தது. எல்லாம் சந்தன நிறத்தில் பளபளவென்று நின்றன. நான் போட்டதற்கு மேல் ஒரு கோட்டிங் நிறம் அடித்திருக்கிறார்கள், அது தப்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். போகிற போக்கில் ஒரு தூணில் கையை வைத்தேன். கத்தரிக்காய் மாதிரி வழுக்கியது.

கைப்பையில் மீட்டர் இருந்தது. வாழை இலை மறைவில் நின்று வைத்துப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த இடத்தில் வெறும் எனாமல் பெயின்ட். சிகரெட் அட்டைக் கனம்கூட இல்லை. அடுத்த தூண், அதற்கடுத்த தூண். பதினான்கும் அம்மணமாக நின்றன. அண்ணாந்து பார்த்தேன். உத்திரத்தில் மட்டும் என் பூச்சு அப்படியே இருந்தது. அங்கே கை எட்டவில்லை போலிருக்கிறது. தூண் மடங்கினால் உத்திரம் எதில் நிற்கும், அந்தரத்திலா?

உங்கள் அறைக்கு வந்தேன். ஜரிகை வேட்டியும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தீர்கள். நான் கேட்டதும் முகம் கொஞ்சமாவது சுண்டும் என்று எதிர்பார்த்தேன். கல்யாண வீட்டுக் கதை சொல்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"அத ஏன் கேக்குற! ஒங்க அக்காதான் மொதல்ல ஆரம்பிச்சது. தூணுக்கு மருந்து பூசியிருக்காகளாம், நாங்க மேல ஏற மாட்டோம்னு ஒக்காந்துக்கிட்டா. நாப்பது பேரும் அவ பின்னாலேயே ஒக்காந்துட்டாளுக. காலண்டர் மாடல் ஆல்பம் போட்டாச்சு, ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. நான் என்ன செய்ய? சரி, ஒங்களுக்குப் புடிக்கலையா, சுரண்டிப் போட்டுருங்கன்னுட்டேன். எனக்கும் அந்த அம்மை மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

பிறகு அவர்கள் சுரண்டிய விதத்தைச் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருந்த பெருமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரும்பு படக்கூடாது, பொறி வரும் என்று மரச் சட்டமும் பித்தளைத் தகடும் வைத்துச் சுரண்டினார்களாம். எல்லாரும் வெறுங்கால். உள்ளே வருவதற்கு முன் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வந்தார்களாம், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று. தூணடியைச் சுற்றி ஈரச் சாக்கு. சுரண்டியதை வாளித் தண்ணீரில் போட்டு, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்களாம். "ஒரு பொறி வரலம்மா! என்னா பத்திரம்!"

இந்த மாவட்டத்திலேயே அவ்வளவு பத்திரமாக நடந்த வேலை அது ஒன்றுதான் இருக்கும் அண்ணாச்சி. நாற்பது பேர் உயிரைக் காக்கிற ஒன்றை, ஒரு பொறி வராமல், உயிரைக் கொடுத்துச் சுரண்டி எறிந்திருக்கிறார்கள்.

பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெந்த கையை வைத்துக்கொண்டிருக்கிறவள், பாம்பு மாத்திரையைத் தூணில் பூசுகிறார்கள் என்று கேட்டால் பயப்படாமல் என்ன செய்வாள்? பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் கண் முன்னால் கொளுத்திக் காட்டியவள் நான். ஆனால் உங்களுக்குத் தெரியும். அது வெடிக்காது, உப்பும், அவ்வளவுதான் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். எழுந்துபோய் அவர்களிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? எனக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே? கூலிக்காரப் பெண்களிடம் ஒன்றை விளக்கிச் சொல்வதைவிட அதைச் சுரண்டிப் போடுவது உங்களுக்கு எளிதாக இருந்தது. உங்கள் பெருந்தன்மையின் கனம் அவ்வளவுதான். அதை அளக்க மீட்டரே வேண்டாம்.

"மறுபடி பூசணும் அண்ணாச்சி. அதுவரைக்கும் அவுகள மேல ஏத்தாதீக" என்றேன்.

"பூசிருவோம். யாரு இல்லைன்னா? இந்தச் சீசன் முடியட்டும். ஆனா ஒங்க அக்காகிட்ட வாயத் தொறந்துராத தாயி, மறுபடியும் பயந்து ஒக்காந்துருவாளுக. பேப்பர்ல ஒன் கையெழுத்துதான இருக்கு, அதையும் யோசிச்சுக்க. எல்லாம் நான் பாத்துக்கிருதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். தூண் பொய் என்று வெளியே தெரிந்தால் முதலில் கேட்பது, கையெழுத்துப் போட்டவள் யார் என்றுதான். தாயில்பட்டிக்காரிக்கு அதற்கப்புறம் இந்த ஜில்லாவில் யார் வேலை கொடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டேன். கேசரி கொடுத்தார்கள், அதையும் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒன் மருந்தையெல்லாம் சுரண்டிட்டோம்ல! கோவிச்சுக்காதடி. படிச்ச புள்ள, ஒனக்கு எங்க பயம் தெரியாது" என்றாள். நான் தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

உங்கள் சீசன் முடிகிற சீசனா? பட்டாசுக்கு லேபிளும் பெட்டியும் முடிந்தால் காலண்டர். காலண்டர் முடிந்தால் டைரி. பிறகு பள்ளிக்கூட நோட்டு. நோட்டு லோடு ஏற்றி முடிக்கும்போது மறுபடி லேபிள், ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம். நடுவில் தேர்தல் வந்துவிட்டால் போஸ்டர். முதல் வருஷம் ஐந்தாறு தடவை போன் போட்டேன். இரண்டாம் வருஷம் இரண்டு தடவை. பிறகு பொங்கலுக்குப் பொங்கல், வாழ்த்துச் சொல்கிற சாக்கில் கேட்டேன். "மறக்கல தாயி, சீசன் முடியட்டும்" என்று நீங்களும் வாழ்த்துச் சொன்னீர்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தூண்களுக்கு ஒரு கோட்டிங் எனாமல் மட்டும் தவறாமல் ஏறியது. குங்குமப் பொட்டும் வைத்தீர்கள்.

அக்கா தினமும் காலையில் அந்தப் படி ஏறினாள். மாலையில் இறங்கினாள். சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு ஏதாவது வேலையாகப் போகும்போதெல்லாம், உங்கள் கம்பெனி இருக்கிற பக்கம் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பேன். ஆறு வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போயிருக்கிறேன். பார்த்து என்ன புண்ணியம்?

போன கார்த்திகையில் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். நல்ல சாவு என்றது ஊர். வாழ்நாளில் ஒரு வேலையாவது யாரையும் காக்க வைக்காமல் முடித்தீர்களே என்று எனக்குத் தோன்றியது. வரவேற்பறையில் உங்கள் படத்துக்குச் சந்தன மாலை. அதற்கு நேர் கீழே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது என் சான்றிதழ், என் கையெழுத்தோடு. ஏட்டுச் சுரைக்காய்க்குக் கண்ணாடிச் சட்டம்! தினமும் ஊதுபத்தி காட்டுகிறார்களாம்.

இதுவரை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, பேனாவை மூடினேன். படியில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது. செத்தவரைத் திட்டிக் கடிதம் எழுதுகிறவள், உயிரோடு இருக்கிற அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறாளே என்று எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றியது. மீட்டரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இனி எழுதுவது ஐந்து நாள் கழித்து.

உங்கள் மகனைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தூணில் மீட்டரை வைத்துக் காட்டினேன். பிறகு ஏணி போடச்சொல்லி உத்திரத்திலும் வைத்துக் காட்டினேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். என் கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். பாவம், அவர் முகம் வெளிறிவிட்டது. உங்களைவிட நல்ல பிள்ளை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கண்டிப்பா பூசிருவோம்க்கா. இப்ப காலண்டர் உச்சத்துல இருக்கு. இந்தச் சீசன் மட்டும் முடியட்டும்."

நீங்கள் சாகவே இல்லை அண்ணாச்சி. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

படிக்குக் கீழே போய் நின்று, "அக்கா!" என்று கத்தினேன். மேலே சலசலப்பு நின்றது. கையில் பசையோடு எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் கீழ எறங்குங்க. நீங்க சுரண்டுனது மருந்து இல்ல. தீப்புடிச்சா இந்தத் தூணு மடங்காம ஒங்களைக் காப்பாத்துறது அதுதான். இப்ப ஒண்ணுமே இல்ல. வெறும் இரும்பு. எனக்கு ஆறு வருசமாத் தெரியும்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இறங்கினாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்பது பேரும் இறங்கினார்கள். உங்கள் மகன் அக்காவுக்குக் குறுக்கே வந்து, "பெரியம்மா, சீசன் நேரம், சொன்னாக் கேளுங்க" என்றார்.

"சீசன் எங்கிட்டும் போவாது தம்பி. நாங்களும் எங்கிட்டும் போவல. இங்கன வாசல்லதான் ஒக்காந்திருக்கோம். பூசிட்டுச் சொல்லுங்க, ஏறுதோம்."

என்னைத் தாண்டிப் போகும்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்குப் பயப்படக் கூடாததுக்குப் பயந்தோம். பயப்பட வேண்டியதுக்குப் பயப்பட நீ விடல, என்ன?" என்றாள். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். திறப்பு விழா அன்று நான் உங்களைப் பார்த்தேனே, அதே பார்வை. இத்தனை பக்கமாக உங்கள்மேல் கொட்டிக்கொண்டிருந்த அருவருப்பெல்லாம் அவள் கண்ணில் எனக்காக இருந்தது.

ஆனால் ஒன்று. நோட்டுக் காலமாக இருந்தால் உங்கள் மகன் வேறு ஆளைத் தேடியிருப்பார். கார்த்திகையில் காலண்டர் கோக்கத் தெரிந்த நாற்பது கைகள் சிவகாசியில் சும்மா கிடைக்குமா? நீங்கள் ஐந்து வருஷம் எனக்குக் காட்டிய சீசனை அக்கா ஒரே நாளில் உங்கள் வீட்டுக்குத் திருப்பிக் காட்டிவிட்டாள். மறுநாள் மாலை சாரம் கட்ட மூங்கில் வந்து இறங்கியது. ரீலையும் தின்னரையும் கீழ்த்தளத்திலிருந்து காலி செய்தார்கள். உங்கள் நினைவு நாளுக்குச் சொல்லிவைத்திருந்த சாமியானாவை முன்கூட்டியே வரவழைத்து, வாசலில் போட்டு, அதன் நிழலில் பெண்கள் காலண்டர் கோக்கிறார்கள். உங்கள் பெயரால் நடந்த உருப்படியான முதல் காரியம் அது.

சட்டத்தைக் கழற்றி என் சான்றிதழை எடுத்துக்கொண்டேன். அது பொய்யாகிப்போன கதையை எழுதி, சம்பந்தப்பட்ட ஆபீஸில் நானே கொடுத்துவிட்டேன். என்ன வருமோ வரட்டும். என் ஆட்கள் எனாமலை முழுக்க எடுத்துவிட்டு மூன்று தூண் முடித்திருக்கிறார்கள்.

அக்கா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, ஒட்டின விரலால் தாளை ஒதுக்கி ஒதுக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள். நான் டீ வாங்கிப்போய் வைத்தால் ஆறிப்போய்க் கிடந்தது. நேற்று மத்தியானம் அவளே எழுந்து வந்தாள்.

"நீ பூசுறது என்னன்னு எங்களுக்குக் காட்டு. பாம்பு மாத்திரையத் தூக்கிட்டு வந்துராத. இரும்புலயே காட்டு."

பேப்பர் எதுவும் இல்லாத ஒரு மூலையில், பசை காய்ச்சுகிற இரண்டு அடுப்பைப் போட்டேன். இரண்டு இரும்புத் தகடு. ஒன்று வெறும் தகடு. இன்னொன்றில் என் பூச்சு, காய்ந்தது, பூசிய பக்கம் தீயைப் பார்த்து. இரண்டின் மேலும் ஒவ்வொரு மெழுகுவத்தித் துண்டு வைத்தேன். நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். வெறும் தகட்டில் இருந்த மெழுகு ஒரு நிமிஷத்தில் சாய்ந்து, உருகி ஓடிப் புகைந்தது. மற்றதில் அடியில் பூச்சு பன் ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டே போனது. மேலே மெழுகு அசையவில்லை. வெடிக்கவில்லை, பொறி பறக்கவில்லை. யாரோ ஒருத்தி "அட" என்றாள். அக்கா குனிந்து, வெந்த கையை அந்த மெழுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். பயந்தவள் அந்தக் கையைத்தான் நீட்டினாள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அம்புட்டுதானாடி? இத அன்னைக்கே காட்டியிருக்கலாம்ல?"

இந்த ஒரு கேள்வியைத்தான் இனி நான் சுமக்கப்போகிறேன் அண்ணாச்சி. மலருக்கு ஒரு பக்கம் கேட்டார் உங்கள் மகன், அதற்கு மேலேயே போய்விட்டது. இதை அவருக்குத்தான் கொடுக்கப்போகிறேன், அச்சுப் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு. உங்களால் ஐந்து வருஷம் முடியாததும், என்னால் ஆறு வருஷம் முடியாததும், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.